மாமாவின் காதுப் பஞ்சு

மாமா காதில் பஞ்சு இல்லாமல் எடுத்த போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிறார், வலது காதில் பஞ்சு. என் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார், பஞ்சு. போட்டோக்காரர்கள் "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, கேமராவைக் கண்டாலே இடது கன்னத்தைக் காட்டுகிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. அப்படியும் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். போன வாரம் எங்கள் எதிர்வீட்டுப் பையன் காதில் அதே மாதிரி ஒரு பஞ்சைப் பார்த்தேன். நாலு வயசுப் பையன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. எழுதிப் பார்த்தாலாவது மனசு ஓய்கிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாமாவுக்குச் சின்ன வயசிலிருந்தே காது ஒழுகும். அதை ஒரு நோய் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே கிடையாது. ஒருத்தருக்கு மாறுகண், ஒருத்தருக்குச் சுருட்டை முடி, மாமாவுக்குக் காது ஒழுகும், அவ்வளவுதான். ஏன் ஒழுகுகிறது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. காசிமேட்டில் அலையில் குதித்துக் குதித்து உப்புத் தண்ணீர் புகுந்துகொண்டது என்பது ஆயா கட்சி. நாலாம் வகுப்பு வாத்தியார் செவுளில் ஒன்று விட்டதில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்பது அம்மா கட்சி. இரண்டு கட்சியும் முப்பது வருஷம் சண்டை போட்டன, டாக்டரிடம் காட்டத்தான் யாரும் மெனக்கெடவில்லை. வைத்தியமே பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டால் இரண்டு வாரம் காயும். சளி பிடித்தால் திரும்ப வடியும். நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஆயா விடுவார். நுரை மருந்து என்று ஒன்று உண்டு, விட்டதும் காதுக்குள் சோடா பொங்குவதுபோல் பொங்கும். பொங்குவதைப் பார்ப்பதே ஒரு திருப்தி, எல்லா அழுக்கும் வெளியே வந்துவிட்டது என்று. வலி கிடையாது. வலி மட்டும் இருந்திருந்தால் மாமா என்றைக்கோ ஓடியிருப்பார். பல் வலிக்கு ராத்திரி ஒரு மணிக்கு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டிய மனுஷன்.

மாமாவுக்கு மீன்பாடி வண்டி. காசிமேடு துறைமுகத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு லோடு ஏற்றி, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, பத்து மணிக்குத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பி வருவார். வரும்போது எங்களுக்கு மீன் வரும். மீனைக் கையில் எடுத்தால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டு போவார். "கண்ணு பொய் சொல்லும், செவுளு சொல்லாது" என்பார். ஐஸில் கிடந்த மீனின் கண் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று எனக்குப் பாடம் நடத்தியதே அவர்தான். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், மெட்ராஸ் பாஷையில் மீனுக்கும் செவுள், மனுஷனுக்கும் செவுள்.

இந்த வேலையில் ஒரு சௌகரியம் இருந்தது. மாமாவின் மேல் எப்போதும் மீன் வாடை அடிக்கும், அதனால் காதின் வாடை தெரியாது. வீட்டில் இருக்கும்போது பஞ்சில் அத்தர் இருக்கும். மண்ணடியில் அவருக்கு ஒரு சிநேகிதர், அத்தர் கடையில் வேலை. மாதம் ஒரு குட்டி சீசா கொடுப்பார். தெருவில் மாமாவுக்கு அத்தர் பிரியர் என்று பெயர். பண்டிகை நாளில் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள், ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்.

61 நாள்

வருஷத்துக்கு ஒரு முறை இந்த ஏற்பாடெல்லாம் குலையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நான் படிக்கிற காலத்தில் 45 நாள், அப்புறம் 2017இலிருந்து 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகும் பைபர் போட்டும் கொண்டு வருவது மாமா வண்டிக்கு லோடாகத் தேறாது. மனுஷன் வீட்டில் உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் குளித்தால் மீன் வாடை போய்விடும். மூன்றாம் நாள் கரன்ட் இல்லாத மத்தியானத்தில், சிமெண்டு ஷீட் போட்ட அந்த ஒற்றை அறையில், அது வரும்.

எப்படிச் சொல்வது. செத்த எலியும் பழைய பாலாடைக்கட்டியும் சேர்ந்தது மாதிரி என்று சொன்னால் பாதி சரி. அதிகமாக வராது, ஒரு மூலையிலிருந்து மெல்லிய நூலாக வந்து மூக்கில் நுழையும். அதன்மேல் அத்தர் வேறு. இன்றைக்கும் மல்லிகை அத்தர் எங்கேயாவது அடித்தால் எனக்கு உடனே அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறதா என்று மூக்கு தேடுகிறது.

தடைக்காலத்தில் வீட்டில் உட்காரும் இடங்கள் மாறும். யாரும் பேசி முடிவெடுத்தது கிடையாது, தானாகவே மாறும். மாமா ஜன்னலோரம். நாங்கள் எல்லோரும் அவருடைய இடது பக்கம். "அந்தக் காது கேக்காதுல்ல, அதான் இந்தப் பக்கம் வந்தேன்" என்பது எல்லோருக்கும் பொதுவான சாக்கு. அந்தக் காது கேட்காது என்பதும் நிஜம்தான், அதனால் சாக்கு சாக்காகவே தெரியாது. சாப்பிடும்போது அவருக்கு முதலில் போட்டு அனுப்பிவிடுவார் அத்தை. தலையணை உறையைத் தினமும் துவைப்பார், எங்கள் கண்ணில் படாமல் மொட்டை மாடியில் காயப்போடுவார். காதும் காதும் வைத்த மாதிரி வீடே அந்த வாடையைச் சமாளித்துக்கொண்டிருந்தது. (வேண்டுமென்று இந்தச் சொல்லைப் போடவில்லை, வேறு கிடைக்கவில்லை.) எங்கள் யாருக்கும் அதில் கெட்ட எண்ணம் கிடையாது. உழைக்கிற மனுஷனைப் பார்த்து "மாமா, உங்க காது நாறுது" என்று எந்த வாயால் சொல்வது? நான் காலேஜ் முடித்ததே அந்த வண்டி ஓடிய காசில்.

2018 தடைக்காலத்தில், கத்திரி வெயில் ஆரம்பித்த சமயம், காது ஒழுகுவது நின்றுவிட்டது.

அத்தை சாமிக்கு நேர்ந்துகொண்டதையெல்லாம் கணக்குப் போட ஆரம்பித்தார். மாமா பஞ்சை எடுத்துக் காட்டினார், காய்ந்த பஞ்சு. வாடையும் குறைந்துபோயிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நான்கூட அவருக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. இதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நாள்பட்டு வடிகிற காது திடீரென்று காய்ந்து, கூடவே வலியோ காய்ச்சலோ வந்தால், சீழ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் கிடையாது. வாசல் அடைபட்டு வேறு வழி தேடுகிறது என்று அர்த்தம். அது வேறு வழி தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நாங்கள் பாயசம் வைத்துச் சாப்பிட்டோம்.

நாலாம் நாள் காதுக்குப் பின்னால் வலி. அப்புறம் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, தலையைத் திருப்ப முடியவில்லை. சுளுக்கு என்று பக்கத்துத் தெரு பாட்டி எண்ணெய் போட்டு நீவிவிட்டார். காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கியதும் பொன்னுக்கு வீங்கி என்று அத்தை தன் செயினைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டார். காய்ச்சல் வந்தபோது ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு வலி மாத்திரை கொடுத்தார்கள். அங்கே காதைப் பார்க்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல முடியாது, காதைப் பற்றி நாங்களும் சொல்லவில்லை. அதுதான் காய்ந்துவிட்டதே. மறுநாள் மாமாவால் எச்சில் முழுங்க முடியவில்லை. கழுத்துத் தோல் இழுத்துக் கட்டின மாதிரி பளபளத்தது. சாயங்காலத்துக்குள் அதில் ஒரு இடம் செம்பு நிறமாகி, அப்புறம் கத்திரிக்காய் நிறமானது. துண்டு பட்டதற்கே கத்தினார். வீக்கத்தைவிட அந்தக் கத்தல் பெரிதாக இருந்தது. ஆட்டோவில் ஏற்றினோம்.

"வாடை வருமா?"

ஸ்டான்லியை எங்கள் ஏரியாவில் பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்துப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடம் என்று ஆயா சொல்வார். ராத்திரி பதினொன்றுக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். பணியில் இருந்தது ஒரு சின்னப் பெண், மேல்படிப்புப் படிக்கிற டாக்டர், என்னைவிட வயது குறைவாக இருக்கும். கழுத்தைப் பார்த்தார். அப்புறம் நேராகக் காதில் இருந்த பஞ்சை எடுத்தார். எடுத்துக் கீழே போடவில்லை, மூக்கருகே கொண்டு போனார். மாமா மீன் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலவே.

"எவ்ளோ நாளா காது ஒழுகுது?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அத்தை "சின்ன வயசுலேருந்தும்மா" என்றார்.

"வாடை வருமா?"

"இல்லம்மா. அதெல்லாம் கிடையாது."

அத்தை பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கட்டினவரை ஊரார் முன்னால் விட்டுக்கொடுக்காத ஒரு பதில் அது. இருபது வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில், கேள்வி வந்ததும் தானாக வந்துவிட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. "வரும் டாக்டர்" என்றேன். "நான் சின்னப் பொண்ணா இருந்ததுலேருந்து வரும்."

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். டாக்டர் யாரையும் பார்க்கவில்லை, சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தில் அந்தக் கறுத்த இடத்தின் ஓரமாக விரலால் மெல்ல அழுத்தினார். தோலுக்கு அடியில் காற்று இருக்கிறது, விரலுக்கு நறநறவென்று தெரிகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகம். சர்க்கரை 412. மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். சி.டி. ஸ்கேன். கையெழுத்து. விடிவதற்குள் தியேட்டருக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

கழுத்தைக் கிழித்துத் திறந்து, செத்த திசுவை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். மூடாமல் அப்படியே விட்டு மறுநாள் திரும்பக் கொண்டு போய் இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். அதற்கடுத்து இன்னொரு முறை. பெரிய டாக்டர் பிறகு விளக்கினார்: கோழி உரிக்கும்போது தோலுக்கும் கறிக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு உறை வருமே, அது மாதிரி நம் கழுத்திலும் தசைகளைச் சுற்றி உறை இருக்கிறது. அதில் ரத்த ஓட்டம் குறைவு, கிருமி புகுந்தால் அதற்குள்ளேயே ஓடும், கழுத்திலிருந்து நெஞ்சுவரைகூட இறங்கிவிடும். மேலே தோல் நன்றாக இருப்பதுபோல் தெரியும்போதே கீழே செத்துக்கொண்டிருக்கும். நல்ல திசு விரலுக்குப் பிரிந்து வராது, மாமாவுடையது வெண்ணெய் மாதிரி வந்தது. "மருந்தால மட்டும் இதை நிறுத்த முடியாதும்மா, செத்ததை எடுத்தே ஆகணும்" என்றார். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவுமாம்.

சரி, காதில் இருந்த சீழ் கழுத்துக்கு எப்படி வந்தது? காதுக்குப் பின்னால் தொட்டால் ஒரு மேடு தெரியும், மாஸ்டாய்டு எலும்பு. உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாகக் காற்று இருக்கும், நடுக்காதோடு அதற்கு வழி உண்டு. அந்த எலும்பின் வெளிப்பக்கம் கெட்டி. நுனியில் உள்பக்கம் மெல்லிசு. சீழ் அங்கே ஓட்டை போட்டால் காதுக்குப் பின்னால் வீங்காது. தலையைத் திருப்பினால் கழுத்தில் கயிறு மாதிரி எழும்புகிற தசை இருக்கிறதே, அதற்கு அடியில் இறங்கிவிடும். தசை மேலே மூடிக்கொண்டிருப்பதால் தொட்டாலும் சீழ் என்று தெரியாது, வெறும் கழுத்துப் பிடிப்பு மாதிரிதான் இருக்கும். மியூனிக்கில் இருந்த பெசோல்ட் என்ற காது மருத்துவர் 1881இல் இதை விவரித்ததால் பெசோல்ட் கட்டி என்று பெயர். அந்தக் கட்டியைத்தான் எங்கள் பக்கத்துத் தெரு பாட்டி நீவிவிட்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் வேர் காதுக்குள் இருந்த ஒரு பை. மூக்கையும் நடுக்காதையும் இணைக்கிற குழாய் சரியாக வேலை செய்யாவிட்டால் ஜவ்வின் ஒரு மூலை உள்பக்கமாக உறிஞ்சப்பட்டுக் குழியும். குழிக்குள் தோல். தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும், வெளியே வர வழி இல்லாமல் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகச் சேரும், சேரச் சேர எலும்பை அரிக்கும். கொலஸ்டியாடோமா. 1838இல் யோஹானஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ கொழுப்புக் கட்டி என்று தோன்றும், உள்ளே இருப்பது வெறும் தோல். புற்றுநோயும் கிடையாது. ஆனால் அரிக்கும். முகத்தை அசைக்கிற நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, கூரையாக இருக்கிற மெல்லிய எலும்புத் தகட்டுக்கு மேலே மூளை. மாமாவுக்குக் கீழ்ப்பக்கமாக இறங்கியது, மேல்பக்கம் போயிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி. வாத்தியார் அடித்ததற்கும் கடல் தண்ணீருக்கும் இதில் பெரிய பங்கில்லை என்று டாக்டர் சொன்னபோது ஆயா நம்பவில்லை, அம்மாவும் நம்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்துகொண்டது.

பெரிய டாக்டர் சொன்னதில் எனக்குத் தைத்தது வேறு. காது ஒழுகுவதில் இரண்டு வகை உண்டாம். சளி மாதிரி நிறைய வரும், வாடை இருக்காது, ஜவ்வுக்கு நடுவில் ஓட்டை இருக்கும், அது பத்திரமான வகை. இன்னொன்று கொஞ்சமாக வரும், ஆனால் வாடை குடலைப் பிடுங்கும், அது ஆபத்தான வகை. பத்திரம் என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, எந்தக் காதும் பத்திரமாக ஒழுகாது. அது இருக்கட்டும். அடைபட்டுக் கிடக்கிற அந்தத் தோல் அடுக்கில், காற்றுப் படாத இடத்தில் வளர்கிற கிருமிகளால்தான் அந்த நாற்றம். கருவி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், காதுக்குள் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்வதற்கு அந்த நாற்றம் ஒன்று போதும். எந்த ஒன்றை மரியாதைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் மூக்குக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்தேனோ, அது நோயின் பெயர். நான் அதைத் தினமும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

உலகத்தில் 6.5 கோடியிலிருந்து 33 கோடி பேர் வரை காது ஒழுகலோடு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஒரு அறிக்கையில் இருக்கிறது. இந்தியா அதில் மேல்வரிசை. அத்தனை வீட்டிலும் ஒரு ஜன்னலோர இடம் இருக்குமா என்று யோசித்திருக்கிறேன். படித்தவர்கள் வீட்டில் இப்படி நடக்காது என்றும் சொல்ல முடியாது. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அப்பா வில்லியம் வைல்டு டப்ளினில் பேர்போன காது மருத்துவர், காதுக்குப் பின்னால் கீறிச் சீழ் எடுக்கிற முறைக்கே அவர் பெயர் உண்டு. மகன் 1900 நவம்பர் 30 அன்று பாரிஸில் செத்துப்போனது காதில் இருந்து மூளைக்குப் பரவிய சீழால்தான் என்பது மருத்துவர்கள் பலரின் முடிவு.

அத்தை

மாமா 34 நாள் உள்ளே இருந்தார். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். புண் ஆறின பிறகு காதைத் திறந்து அந்தப் பையை மொத்தமாக எடுத்தார்கள். இன்சுலின் ஊசியைப் பழக்கிக்கொண்டார். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனபோது அவர் வார்டில் இருந்தார், வண்டியை என் தம்பி ஓட்டினான். இதையெல்லாம் விவரமாக எழுத எனக்கு இஷ்டமில்லை. கட்டு மாற்றுகிற சத்தம் மட்டும் போதும்.

ஆனால் அத்தை கேட்டதை எழுதியே ஆக வேண்டும். இரண்டாவது ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது வராந்தாவில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அதுவரை என்னோடு பேசவில்லை. திடீரென்று, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அப்போ இத்தினி நாளா நீ மூக்கைப் புடிச்சிக்கினுதான் எங்க வூட்டுல சாப்டியா?"

நான் என்னத்தைச் சொல்ல. இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அதுவும் முழு உண்மை கிடையாது. அந்த வீட்டு வஞ்சிரக் குழம்புக்கு ஈடாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. வாடையும் இருந்தது, குழம்பும் ருசியாக இருந்தது. "சொல்லியிருக்கணும் அத்தை" என்றேன். "சொல்லியிருந்தா நான் உன்னை வூட்டுக்குள்ள வுட்டிருக்க மாட்டேன்" என்றார். அதுவும் உண்மைதான். கொஞ்ச நேரம் கழித்து டீ வாங்கி வரச் சொன்னார், ஒரே கப்பில் பாதிப் பாதியாகக் குடித்தோம்.

இப்போது மாமாவின் காதில் பஞ்சு இல்லை. ஆபரேஷனில் உள்ளே இடத்தைப் பெரிதாக்கிவிட்டதால் காதுத் துவாரம் பெரிசாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், ஆயுசு முழுக்க. தண்ணீர் படக்கூடாது. அந்தக் காது கேட்பது இன்னும் குறைந்துவிட்டது. கழுத்தில் ஒட்டுப்போட்ட தோல் வேறு நிறம். அத்தர் சீசா கூண்டில் அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் கேட்டால் போட்டுவிடுகிறார்.

எதிர்வீட்டுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மாவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். காது வடியுதா, எத்தனை நாளாக, டாக்டரிடம் காட்டினீர்களா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "வாடை ஏதும் வருதாம்மா?" என்று கேட்டதும் முகம் மூடிக்கொண்டது. "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா." எனக்குத் தெரிந்த பதில், தெரிந்த வேகம். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு பட்டும் வரவில்லை.

நேற்று சாயங்காலம் மாமா வந்திருந்தார். பையில் சங்கரா. வாசலில் அந்தப் பையன் விளையாடிக்கொண்டிருந்தான், அவன் அம்மா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா மீன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவனைத் தூக்கிப் படிக்கட்டில் நிற்க வைத்தார். "இன்னாடா கண்ணு, காதுல பஞ்சு" என்றபடி பஞ்சை எடுத்தார். காது மடலை மெல்லப் பின்னால் இழுத்து, குனிந்து, மூக்கை வைத்து மோந்தார். அந்தப் பெண் கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.